கார்த்திகையில் மூழ்கிய கப்பல்: எங்கள் பெரிய தாத்தா ஏறியது எது?

குத்தாலத்தான்:

வணக்கம். நான் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவன். எங்கள் தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரின்போது பயணிகள் கப்பல் ஒன்றில் சென்று திரும்பவில்லை. "நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன கப்பலை நீர்மூழ்கி அடித்துவிட்டது" என்பதே வீட்டில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முழுக் கதை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பூம்புகார்க் கடற்கரையில் அவர் பெயரையும் சேர்த்தே எள்ளும் தண்ணீரும் இறைத்து வருகிறோம். இறந்த திதி தெரியாததால் தனியாகத் திவசம் கிடையாது.

இதில் எனக்கு விளங்காத செய்திகள் மூன்று. முதலாவது, அவர் எழுதிய கடைசி அஞ்சலட்டை பம்பாயிலிருந்து வந்திருக்கிறது. அதில் 1942 நவம்பர் முத்திரை இருக்கிறது. "கப்பல் பெயரை எழுதக் கூடாது என்கிறார்கள்; இன்னும் நாலைந்து நாளில் ஏறிவிடுவோம்" என்ற வரி நன்றாகத் தெரிகிறது. அடுத்த வரியில் ஊர்ப் பெயர் வருமிடத்தில் கரையான் அரித்து, "ர்பன் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்" என்ற அளவே எஞ்சியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஏறவேண்டியவர் பம்பாயில் என்ன செய்துகொண்டிருந்தார்?

இரண்டாவது, எங்கள் வீட்டில் திருக்கார்த்திகைக்கு அகல் வரிசை வைப்பதில்லை. சுவாமி மாடத்தில் ஒரே ஒரு விளக்கு எரியும். திண்ணை இருட்டாகவே கிடக்கும். தொண்ணூறு வயதை நெருங்கும் என் அத்தைப் பாட்டியிடம் காரணம் கேட்டால், "கப்பல்காரர் போன நாள்" என்பதற்கு மேல் பேச்சு வராது.

மூன்றாவது, அடித்தவன் யார் என்பது. எங்கள் தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். கூடத்தில் நேதாஜி படம் இன்றும் தொங்குகிறது. ஜப்பான்காரன் அடித்ததாக யாராவது சொன்னால், அது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று அவர் எழுந்து போய்விடுவாராம். ஆயுதமில்லாத பயணிகள் கப்பலை அப்படி அடிக்க அன்றைய சட்டம் இடம் கொடுத்ததா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நாகை வெளிப்பாளையம்:

என் தகப்பனார் நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகுக் கணக்கு எழுதியவர். நானே சிறுவனாக ரஜூலாவில் பினாங்கிலிருந்து வந்திருக்கிறேன். ஆகவே நாகப்பட்டினத்துக் கப்பலைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுகிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் நம் தாத்தாக்கள் காலத்தில் ஓடிய பெரிய கப்பல்கள் ரஜூலாவும் ரோனாவும். இரண்டுமே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்டவை. நாகப்பட்டினத்தில் அவை கரையை ஒட்டி நிற்க ஆழம் போதாது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; கடுவையாற்று முகத்துவாரத்திலிருந்து படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், ஆடும் படகிலிருந்து ஆடும் ஏணிக்குத் தாவவைப்பார்கள். பாயும் டிரங்குப் பெட்டியும் முதலில் போகும், பிள்ளைகள் பிறகு. டெக் டிக்கெட்காரர்களுக்கு அறை என்று ஒன்று கிடையாது. பாயை விரித்த இடந்தான் அறை. கப்பல் கிளம்பிய பிறகு நாகூர் தர்காவின் மினாராக்கள் கடைசியாகக் கண்ணுக்கு மறையும் வரை யாரும் உட்கார மாட்டார்கள்.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். 1941 டிசம்பரில் பினாங்கும் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு போர் முடியும் வரை இங்கிருந்து அங்கே பயணிகள் கப்பல் போயிருக்க வழியே இல்லை. எனவே 1942 நவம்பர் முத்திரை உண்மையென்றால் அவர் ஏறியது பினாங்குக் கப்பல் அல்ல.

அப்படியானால் வீட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்றால், ரோனாவிலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரோனா போரில் மூழ்கியது உண்மை. அதுவும் ஒரு நவம்பர் மாதந்தான். ஆனால் ஆண்டு 1943, தேதி 26, இடம் மத்தியதரைக் கடலில் அல்ஜீரியக் கரைக்கு அப்பால். அப்போது அது படையினரை ஏற்றிச் சென்றது. அதை வீழ்த்தியதும் நீர்மூழ்கி அல்ல; ஜெர்மன் விமானத்திலிருந்து வானொலியால் செலுத்தப்பட்ட ஒரு குண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் அதில் மாண்டார்கள். "நம்ம ரோனா போய்விட்டது" என்ற பேச்சு நாகப்பட்டினத்துக் கடைத்தெருவிலிருந்து ஆற்றோரமாக மேற்கே வந்து சேர்ந்திருக்கும். ஏற்கெனவே கப்பலில் ஒருவரை இழந்து பெயர் தெரியாமல் தவித்த வீடு, காதில் விழுந்த பெயரைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. ரஜூலா மட்டும் போரைக் கடந்து 1973 வரை ஓடியது.

அஞ்சலட்டையில் "ர்பன்" என்று முடியும் ஊர் எது என்பதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: தென்னாப்பிரிக்கத் துறைமுகமான டர்பன்.

கடல்வழிக் குறிப்பு:

வெளிப்பாளையத்து ஐயா வழியைத் திறந்துவிட்டார். பம்பாயில் ஏறி, டர்பன் போக, 1942 நவம்பரில் என்ற மூன்றும் பொருந்தி, நீர்மூழ்கியால் மூழ்கடிக்கவும் பட்ட கப்பல் திலாவா.

அதுவும் ரோனாவின் கம்பெனியைச் சேர்ந்ததே. 1924இல் கட்டப்பட்ட, பத்தாயிரம் டன்னுக்குச் சற்றே கூடுதலான கப்பல். 1942 நவம்பர் 20ஆம் தேதி பம்பாயிலிருந்து மொம்பாசா, லோரன்சோ மார்க்கஸ் (இன்றைய மாபுட்டோ), டர்பன் துறைகளை நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் 732 பேர், ஊழியர்கள் 222 பேர், பீரங்கிக்காரர்கள் 4 பேர், ஆக மொத்தம் 958 பேர். பயணிகளில் மிகப் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கடை வைத்திருந்த குஜராத்திக் குடும்பத்தினர். துணைக்குப் போர்க்கப்பல் எதுவும் வரவில்லை, தனியாகவே சென்றது.

23ஆம் தேதி அதிகாலை இரண்டு மணியளவில், பம்பாயிலிருந்து தென்மேற்கே தொள்ளாயிரம் மைலுக்கும் அப்பால், ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியின் முதல் டார்பிடோ தாக்கியது. பலரும் மறந்துவிடும் ஒரு செய்தி இங்கே முக்கியமானது. திலாவா உடனே மூழ்கவில்லை. இருட்டில் படகுகளுக்காக நெருக்கியடித்து அதிலேயே சிலர் கடலில் விழுந்தபோதும், கப்பல் நிமிர்ந்தே மிதந்துகொண்டிருந்தது. அது தாங்கும் என்று நம்பிப் படகுகளில் இறங்கியவர்கள் திரும்பி ஏறத் தலைப்பட்டார்கள். அந்த நேரத்தில்தான் இரண்டாவது டார்பிடோ பாய்ந்தது. கம்பியில்லாத் தந்தி அதிகாரி கடைசி வரை அபாயச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருந்து கப்பலோடு போனார். படகுகளிலும் தெப்பங்களிலும் இரண்டு நாளுக்கு மேல் மிதந்தவர்களை பர்மிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கண்டெடுத்துப் பம்பாய்க்குக் கொண்டுவந்தது. நான்கு பேரை மட்டும் கார்த்தேஜ் என்ற கப்பல் மீட்டது. பிழைத்தவர்கள் 678 பேர், மாண்டவர்கள் 280 பேர்.

இவ்வளவு நடந்தும் இந்தக் கப்பல் எண்பது ஆண்டுகள் பேச்சில்லாமல் கிடந்தது. அது செய்தியில் அடிபட்டதுகூட மாண்டவர்களால் அல்ல, சரக்கால். தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிப்பதற்காக வாங்கிய வெள்ளிக் கட்டிகள் அதன் அடித்தளத்தில் இருந்தன. 2017இல் ஒரு கம்பெனி இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2,364 கட்டிகளை எடுத்தது. அதற்குக் கூலி கேட்டு நடந்த வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாக முடிந்தது. தீர்ப்பைப் படித்துப் பார்த்தேன். வெள்ளியின் கணக்கு அதில் கட்டி பிசகாமல் இருக்கிறது.

இனி உங்கள் தாத்தாவின் கோபத்தைப் பற்றி. இதை எழுதலாமா என்று சற்றே தயங்கினேன். திலாவாவை மூழ்கடித்த அதே ஐ-29தான், ஐந்து மாதம் கழித்து 1943 ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில், ஜெர்மனியின் யூ-180 நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியையும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனையும் ஏற்றிக்கொண்டது. அவர்களைச் சுமத்ராவுக்கு வடக்கே உள்ள சபாங்கில் இறக்கியதும் அதுவே. அதிலிருந்து இறங்கியவரின் குரலைக் கேட்டுத்தான் உங்கள் தாத்தாவைப் போன்ற ஆயிரக்கணக்கான தமிழர்கள் சிங்கப்பூரிலும் மலேயாவிலும் படையில் சேர்ந்தார்கள். யார் எந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள் என்பது ஏற வந்தவருக்கோ, வரவேற்றவர்களுக்கோ தெரிந்திருக்க நியாயமில்லை. ஐ-29ஐ 1944 ஜூலையில் பிலிப்பைன்சுக்கு வடக்கே ஓர் அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது.

திருவையாறு பஞ்சாங்கம்:

மேலே உள்ளதைப் படித்துவிட்டு நான் செய்த முதல் வேலை, அந்த நாளைக் கணக்கிட்டுப் பார்த்ததுதான். 1942 நவம்பர் 23 திங்கட்கிழமை. அதிகாலை இரண்டு மணி என்பதால் நம் வழக்கப்படி சூரிய உதயம் வரை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. சித்திரபானு வருடம், கார்த்திகை மாதம். 22ஆம் தேதி இரவு முழுநிலா. சந்திரன் நின்றது கிருத்திகை நட்சத்திரத்தில். அதாவது, அன்று மாலை காவிரிக் கரை முழுவதும் அகல் ஏற்றியிருப்பார்கள், சொக்கப்பனை கொளுத்தியிருப்பார்கள். அது எரிந்து அடங்கிய அதே இரவின் பின்பகுதியில் திலாவா தாக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுத் திண்ணை ஏன் இருட்டாகக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருந்தும் விடை எனக்குத் தெரியவில்லை. பொருத்தம் என்றுதான் சொல்கிறேன், சாட்சி என்று சொல்லவில்லை. பம்பாயிலிருந்து யாரோ ஒருவர் நாளைக் குறிப்பிட்டுத் தந்தியோ கடிதமோ அனுப்பி, வீட்டிலிருந்த பெரியவர் நாட்காட்டியைப் பார்த்து "அட, அது தீபத்தன்று ராத்திரி அல்லவா" என்று சொல்லியிருந்தால் மட்டுமே அந்த வழக்கம் தொடங்கியிருக்க முடியும். அப்படி ஒரு தாள் அஞ்சலட்டையோடு சேர்ந்து எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். திதியைப் பொறுத்தவரை, பௌர்ணமி முடிந்து பிரதமை பிறக்கும் சந்தி வேளையாக வருகிறது. எந்தத் திதியில் கொடுப்பது என்பதை உங்கள் குடும்ப வாத்தியார் நாழிகை பார்த்து முடிவு செய்யட்டும்.

பேரளம் வழக்கறிஞர்:

சட்டம் பற்றிய கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

நம் ஊரில் கெட்டிக்காரப் பயலை "எம்டன்" என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல், வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கும் முன் ஆட்களை இறக்கிவிட்டது. கபிங்கா என்ற கப்பலில் கப்பல் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்ததால், அதை மூழ்கடிக்காமல், பிடித்த ஆட்களையெல்லாம் அதிலேயே ஏற்றி விடுவித்தது. பழைய கடல் வழக்கம் கேட்டது இதைத்தான். நிறுத்து, சோதனையிடு, ஆட்களைப் பத்திரப்படுத்து, பிறகு மூழ்கடி.

நீர்மூழ்கியால் இதை எளிதில் செய்ய முடியாது. அதில் இடமில்லை, மேலே வந்து நின்றால் ஒரே ஒரு பீரங்கி போதும் அதை முடிக்க. 1915 மே 7இல் அயர்லாந்துக் கரையில் லூசிட்டேனியா பதினெட்டே நிமிடத்தில் மூழ்கி ஆயிரத்து இருநூறு பேர் அளவில் மாண்டதும் முன்னறிவிப்பின்றி நடந்ததுதான். அந்தப் போருக்குப் பிறகு, நீர்மூழ்கியும் மற்றப் போர்க்கப்பலைப் போலவே நடக்கவேண்டும், பயணிகளையும் ஊழியர்களையும் பத்திரமான இடத்தில் சேர்க்காமல் வணிகக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது என்று 1936 லண்டன் உடன்பாடு எழுதி வைத்தது. நடுக்கடலில் உயிர்காப்புப் படகு "பத்திரமான இடம்" ஆகாது என்றும் அதிலேயே இருக்கிறது. கரை அருகில் இருக்கவேண்டும், அல்லது வேறு கப்பல் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஜப்பானும் அதில் கையெழுத்திட்ட நாடு. நிற்க மறுத்தாலோ எதிர்த்தாலோ மட்டுமே விலக்கு. எனவே ஏட்டின்படி பார்த்தால், நள்ளிரவில் முன்னறிவிப்பில்லாமல் அடித்தது தவறு. ஆட்கள் திரும்பி ஏறும் வேளையில் இரண்டாம் முறை அடித்தது அதனினும் தவறு.

ஆனால் 1942இல் அந்த ஏட்டை யார் மதித்தார்கள்? கப்பல்களில் பீரங்கி பொருத்தியாகிவிட்டது. திலாவாவிலும் பீரங்கிக்காரர்கள் இருந்ததை மேலே கண்டோம், ஆகவே "ஆயுதமில்லாத கப்பல்" என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. ஜெர்மனி கண்டதையெல்லாம் அடித்தது. ஜப்பானுக்கு எதிராகக் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை, அதாவது வணிகக் கப்பலையும் முன்னறிவிப்பின்றி அடிக்கும் போரை, 1941 டிசம்பர் 7ஆம் தேதியே அமெரிக்கா அறிவித்துவிட்டது. 1944 ஆகஸ்டில் ஒகினாவாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற சுஷிமா மாருவை மூழ்கடித்தது அமெரிக்க நீர்மூழ்கி. திலாவாவுக்கு இரண்டே மாதம் முன்பு, லக்கோனியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கித் தலைவர், தண்ணீரில் மிதந்தவர்களைத் தானே இழுத்து ஏற்றி, செஞ்சிலுவைக் கொடி விரித்து, உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாக வானொலியில் அழைத்தார். அவர்மேல் அமெரிக்க விமானம் குண்டு போட்டது. அதன் பிறகு, இனி யாரையும் காப்பாற்ற வேண்டாம் என்று ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் ஆணையிட்டார். போருக்குப் பின் ஜெர்மன் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பில் டோனிட்ஸ் அந்த உடன்பாட்டை மீறியதாகவே கண்டார்கள்; ஆனால் பிரிட்டனும் அமெரிக்காவும் அதையே செய்திருந்ததால் அந்தக் குற்றத்தைத் தண்டனைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு தரப்பும் செய்ததால் ஒரு தரப்பின் செயல் குற்றமில்லாமல் போய்விடுமா என்று என் இளைய வழக்கறிஞர்கள் கேட்பதுண்டு. போகாது என்பதே என் கருத்து. தண்டிக்கும் வாய் அடைபட்டுப்போகும், அவ்வளவுதான்.

பெயரைத் தேடுவதற்கு ஒரு வழி. உங்கள் பெரிய தாத்தா கப்பல் ஊழியராகச் சென்றிருந்தால், போரில் மாண்ட இந்திய வணிகக் கப்பல் ஊழியர்களின் பெயர்ப் பதிவேட்டில் அவர் இருக்க வேண்டும். அதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்த தேதியைக் கொண்டே தேடலாம். பயணி என்றால் வழி வேறு. 2022 நவம்பரில் மும்பையில் எண்பதாம் ஆண்டு நினைவுக் கூட்டம் நடத்திய வாரிசுகள் பெயர்களைத் திரட்டி வருகிறார்கள், அவர்களுக்கு எழுதுங்கள். தமிழ்ப் பெயரைப் பம்பாய்க் குமாஸ்தா எப்படி எழுதியிருப்பான் என்பதை மனத்தில் வைத்துத் தேடுங்கள். ஊர்ப் பெயரைத் தகப்பன் பெயராகவும், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகவும் மாற்றியிருப்பான்.

குத்தாலத்தான்:

அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாகப் பரண் முழுவதும் தேடினேன். தந்தி எதுவும் கிடைக்கவில்லை. அஞ்சலட்டையை வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். "ர்பன்" என்பதற்கு முன்னால் அரிபட்ட ஓட்டையின் ஓரத்தில் கிடைமட்டமாக ஒரு சிறு கோடு தெரிகிறது. "ட"வின் அடிக்கோடாக இருக்கலாம். வேறு எந்த எழுத்தோடும் அது பொருந்தவில்லை.

அத்தைப் பாட்டியிடம் "டர்பன்" என்ற சொல்லைச் சொன்னபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டர்பன் இருந்த மாகாணத்தின் பெயரான "நேட்டால்" என்று மாற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்களுடைய தாய்மாமன் ஒருவர் நேட்டாலில் கடை வைத்திருந்தாராம். கணக்கு எழுத ஆள் வேண்டுமென்று கேட்டுப் பணம் அனுப்பினாராம். இது இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்காததால் அவர் சொல்லாத செய்தி. நான் மெதுவாக முழுக் கதையையும் படித்துக் காட்டினேன். நேதாஜி ஏறிய நீர்மூழ்கி பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டேன். கூடத்துப் படத்துக்கு நேர் எதிரே அமர்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப அவரு மேக்கால போயிருக்காரு. நாம இத்தன வருஷமும் கெழக்குக் கடல்ல தண்ணி விட்டுட்டு இருந்திருக்கோம்" என்றார்.

பேரளத்து ஐயா சொன்ன பதிவேட்டில் 1942 நவம்பர் 23 என்ற தேதியைக் கொண்டு தேடத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பார்த்த பக்கங்களில் நம் பக்கத்துப் பெயர் எதுவும் இல்லை. மும்பைக்கும் எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே இடுகிறேன்.